தேநீர் புளித்தால் மருந்தாகுமா?
கொம்புச்சா பானத்தின் வேதியியலும் நோயாளர்கள் அறிய வேண்டியவையும்

கல்லீரல் நோய்ப் புறநோயாளர் பிரிவுக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மகள் தம் தந்தையை அழைத்து வந்திருந்தார். தந்தைக்கு அறுபது வயதைக் கடந்திருந்தது. பல்லாண்டு மதுப்பழக்கத்தால் அவருக்குச் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் ஏற்பட்டிருந்தது. அப்பழக்கத்தை அவர் முற்றிலும் விட்டுப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. பரிசோதனை முடிந்து எழும்போது, மகள் தம் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமீது வைத்தார். உள்ளே தேன் நிறத்தில் ஒரு பானம். அடியில் மெல்லிய வண்டல்.

"கொம்புச்சா, டாக்டர். தோழி கொடுத்த படலத்தை வைத்து வீட்டிலேயே செய்தேன். கல்லீரலில் இருக்கிற நச்சை எல்லாம் வெளியேற்றிவிடும் என்கிறார்கள். அப்பாவுக்குத் தினமும் ஒரு தம்ளர் கொடுக்கலாமா?"

'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். ஆனால், தந்தையின் நலனுக்காக மூன்று வாரங்கள் பொறுமையோடு ஒரு பானத்தைத் தயாரித்தவருக்குக் காரணத்தோடு கூடிய விடை சொல்வதே முறை. அன்று அவரிடம் சுருக்கமாகக் கூறியதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினரும் இதே வினாவை அடிக்கடி எழுப்புகின்றனர்.

பெயரும் பிறப்பும்

கொம்புச்சா என்பது சர்க்கரை கலந்த தேநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துப் பெறும் பானம். வடகிழக்குச் சீனப் பகுதியில் தோன்றியதாகக் கருதப்படும் இது, ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பரவி, பின்னர் உலகெங்கும் சென்றது. ஜப்பானிய மொழியில் 'கொன்புச்சா' என்றால் கடற்பாசித் தூளில் செய்த பானம் என்று பொருள். நாம் பேசும் பானத்துக்கும் கடற்பாசிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ரஷ்யர்கள் இதனைத் 'தேநீர்க் காளான்' என்று அழைத்தனர். அதுவும் பொருந்தாத பெயரே. தேநீரின் மேல் பாலாடைபோல் படர்ந்து மிதக்கும் அந்தப் படலம் காளான் அன்று. பாக்டீரியாக்கள் நெய்த செல்லுலோஸ் இழைகளின் விரிப்பு அது. அவ்விழைகளுக்கிடையே பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் குடியிருக்கின்றன. இக்கூட்டமைப்பை 'ஸ்கோபி' என்று அழைக்கின்றனர்.

பாக்டீரியா செல்லுலோஸை உருவாக்கும் என்பதை 1886-இல் ஏட்ரியன் ஜான் பிரவுன் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர் எடுத்துரைத்தார். பிலிப்பைன்ஸ் நாட்டில் தேங்காய்நீரிலிருந்து செய்யப்படும் 'நாட்டா டி கோகோ' என்னும் மென்மையான இனிப்புத் துண்டுகளும் இவ்வகைப் பாக்டீரியாவின் படைப்பே. தூய்மையாக்கப்பட்ட பாக்டீரியச் செல்லுலோஸ் மருத்துவத்தில் புண்கட்டாகவும் பயன்படுகிறது. அதை எண்ணி, வீட்டில் வளர்த்த படலத்தை எவரும் புண்மீது வைத்துவிடக் கூடாது. ஈரானில் வலி நீங்குவதற்காக இப்படலத்தைத் தோலில் வைத்துக்கொண்டவர்களுக்கு ஆந்த்ராக்ஸ் தோல்நோய் ஏற்பட்டதாக மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

ஜாடிக்குள் நிகழ்வது

தயாரிப்பு முறை எளியது. ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 கிராம் தேயிலையும் 50 முதல் 100 கிராம் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டி, முன்பு தயாரித்த கொம்புச்சாவில் பத்தில் ஒரு பங்கையும் ஒரு படலத்தையும் சேர்க்கின்றனர். துணியால் மூடி, 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏழு முதல் பதினான்கு நாள்கள் வைக்கின்றனர். அந்நாள்களில் ஜாடிக்குள் மூன்று வேலைகள் அடுத்தடுத்தும் ஒருங்கேயும் நடைபெறுகின்றன.

முதல் வேலை ஈஸ்ட்டுகளுடையது. நாம் இடும் சர்க்கரை சுக்ரோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரை. ஈஸ்ட்டுகள் இன்வர்ட்டேஸ் என்னும் நொதியைச் சுரந்து அதனைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கின்றன. பின்னர் அவற்றை உண்டு, எத்தனால் என்னும் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. கள் புளிக்கும்போது நிகழ்வதும் இதுவே.

இரண்டாம் வேலை அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களுடையது. இவற்றுக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. அதனால்தான் காற்று மிகுந்த மேற்பரப்பில் படலமாக மிதக்கின்றன. அதனால்தான் ஜாடியை இறுக மூடாமல் துணியால் மூடுகின்றனர். ஈஸ்ட்டுகள் உண்டாக்கிய ஆல்கஹாலை இவை ஆக்சிஜனின் துணையோடு அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சமையலறையில் உள்ள வினிகரின் புளிப்புக்கு இந்த அமிலமே காரணம். குளுக்கோஸின் ஒரு பகுதியை இவை குளுக்கோனிக் அமிலமாகவும் மாற்றுகின்றன.

மூன்றாம் வேலை நெசவு. மீதமுள்ள குளுக்கோஸில் ஒரு பகுதியை இப்பாக்டீரியாக்கள் கோத்துச் செல்லுலோஸ் இழைகளாக்குகின்றன. ஒவ்வொரு முறையும் புதுப் படலம் உருவாவது இதனாலேயே.

நம் வீடுகளில் இட்லி மாவும் தயிரும் புளிப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தால். இட்லியை ஆவியில் வேகவைத்தபின் உண்கிறோம். அதற்குள் மாவிலிருந்த நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. கொம்புச்சாவோ வேகவைக்கப்படாமல், உயிருள்ள நுண்ணுயிர்களோடு அருந்தப்படுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

குவளையில் எஞ்சுபவை

புளித்து முடிந்த பானத்தில் பின்வருவன இருக்கும்.

அமிலங்கள்: முதன்மையாக அசிட்டிக் அமிலமும் குளுக்கோனிக் அமிலமும், சிறிதளவு குளுக்குரோனிக் அமிலமும் பிறவும். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவு தொடக்கத்தில் சுமார் 5 ஆக இருந்து 3-ஐ ஒட்டிக் குறைகிறது. இவ்வளவில் பெரும்பாலான நோய்க்கிருமிகளால் பெருக இயலாது. ஆயினும் பூஞ்சணம் வளரக்கூடும். பற்களின் மேற்பூச்சாகிய எனாமல் 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை: நுண்ணுயிர்கள் எல்லாச் சர்க்கரையையும் உண்டுவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை இட்டு அதில் பாதி எஞ்சியிருந்தால், 300 மில்லி தம்ளரில் 12 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கும். அமிலத்தின் புளிப்பு இனிப்பை மறைத்துவிடுவதால், நாவின் சுவையைக் கொண்டு சர்க்கரையின் அளவை மதிப்பிட இயலாது.

தேயிலைச் சத்துகள்: பாலிபீனால்களும் கஃபீனும். தேநீரைப் போலவே, உணவோடு சேர்த்து அருந்தினால் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை இதுவும் குறைக்கக்கூடும்.

உயிருள்ள ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும், இறுதியாக, ஆல்கஹால்.

'மது இல்லாத' பானத்தில் மது

அந்த மகளிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: "புளித்த பிறகு இதை என்ன செய்தீர்கள்?"

"குப்பியில் ஊற்றி, இஞ்சியும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு, இறுக மூடி ஒரு வாரம் வைத்தேன், டாக்டர். அப்போதுதான் சோடாபோல் பொங்குகிறது."

இரண்டாம் கட்டப் புளிப்பு எனப்படும் இந்த முறை பரவலாக உள்ளது. ஆனால், குப்பியை இறுக மூடியதும் உள்ளே சமநிலை மாறிவிடுகிறது. ஈஸ்ட்டுகளுக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது அன்று. அவை தொடர்ந்து சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். அந்த ஆல்கஹாலை அமிலமாக்க வேண்டிய பாக்டீரியாக்களோ காற்றின்றி வேலையை நிறுத்திவிடும். எனவே குப்பிக்குள் ஆல்கஹாலும் வாயுவும் கூடிக்கொண்டே போகும். குப்பிகள் சில வேளைகளில் வெடிப்பதும் இதனால்தான். கடையில் வாங்கிய பானமாயினும், பாஸ்டராக்கம் செய்யப்படாமல் குளிர்ச்சியின்றி வைக்கப்பட்டால் இதே மாற்றம் நிகழும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானம் மதுபானமாகும். அமெரிக்காவிலும் எல்லை அதுவே. 2010-இல் அந்நாட்டின் ஹோல் ஃபுட்ஸ் அங்காடிகள், தங்கள் அலமாரிகளில் இருந்த கொம்புச்சாக் குப்பிகளில் ஆல்கஹால் இந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம் என்னும் ஐயத்தால் அவற்றை அகற்றின. வீட்டில் தயாரிக்கும் பானத்தில் 1 சதவீதத்தைத் தாண்டுவது அரிதன்று. 3 சதவீதத்துக்கும் மேல் சென்ற மாதிரிகளும் உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 சதவீத ஆல்கஹால் உள்ள பானத்தை நாளொன்றுக்கு 300 மில்லி அருந்தினால், உடலில் சேர்வது 3 மில்லி தூய ஆல்கஹால். இது சிறிய அளவாகவே தோன்றும். முப்பது நாள்களில் அது 90 மில்லியாகிறது. 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தியில் இது 210 மில்லிக்குச் சமம். அதாவது, 180 மில்லிக் குப்பி ஒன்றுக்கும் மேல்.

இந்தக் கணக்கை நான் தாளில் எழுதிக் காட்டியபோது, அதுவரை பேசாதிருந்த தந்தை தலை நிமிர்ந்தார்.

"அதைத் திறக்கும்போது பழைய வாசம் வருகிறது, டாக்டர். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை."

மதுவை விட்டவர்களுக்கு மணமும் சுவையும்கூடப் பழைய வேட்கையை எழுப்பக்கூடும். மதுவால் கல்லீரல் நலிந்தவர்களுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. அன்பினால் கொடுக்கப்படும் ஒரு தம்ளர் பத்து மாத முயற்சியைப் பாழாக்கிவிடக் கூடாது.

கல்லீரலைத் தூய்மைப்படுத்துமா?

இப்பானம் நச்சை நீக்கும் என்னும் கூற்றுக்கு அடிப்படை, அதிலுள்ள குளுக்குரோனிக் அமிலம். சில மருந்துகளையும் பிலிருபின் முதலிய கழிவுகளையும் நம் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து, நீரில் கரையும் பொருள்களாக்கி வெளியேற்றுகிறது என்பது உண்மை. ஆனால், கல்லீரல் அதனை வெளியிலிருந்து எதிர்பார்ப்பதில்லை. தன் செல்களுக்குள் குளுக்கோஸிலிருந்தே அதனைச் செயல்திறன் மிக்க வடிவில் உருவாக்கிக்கொள்கிறது. வாய்வழி அருந்தும் சிறிதளவு அமிலம் நலிந்த கல்லீரலின் இப்பணியை மேம்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நிறுவப்பட்ட சான்று இல்லை.

விலங்குகளிலும் ஆய்வகச் செல்களிலும் நம்பிக்கையூட்டும் முடிவுகள் பல வெளிவந்துள்ளன. எனினும், 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்த கட்டுரைகளை அலசியபோது, மனிதர்களிடம் பெற்ற முடிவுகளைக் கூறும் ஆய்வு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 2023-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 12 பேர் பங்கேற்றனர். நான்கு வாரங்கள் நாள்தோறும் சுமார் 240 மில்லி கொம்புச்சா அருந்தியபின், வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி 164-இலிருந்து 116 மில்லிகிராமாகக் குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர். மேலும் ஆராயத் தக்க முடிவுதான். ஆனால், பன்னிரண்டு பேரிடம் செய்த ஆய்வை நம்பி எவரும் மாத்திரையையோ இன்சுலினையோ குறைக்கக் கூடாது. அந்த ஆய்வில் பயன்பட்ட பானமும் உங்கள் வீட்டு ஜாடியில் உள்ள பானமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது.

பதிவான தீங்குகள்

1995-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சுமார் இரண்டு மாதங்களாக நாள்தோறும் கொம்புச்சா அருந்திவந்த இரு பெண்கள், இரத்தத்தில் அமிலம் மிகுந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார். இருவரும் பயன்படுத்திய படலம் ஒரே தாய்ப் படலத்திலிருந்து வந்தது. ஆயினும், அதே வழிவந்த பானத்தை அருந்திய நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தீங்கு நேரவில்லை. பானத்தில் நச்சோ நோய்க்கிருமியோ கண்டறியப்படவுமில்லை. எனவே, பானமே காரணம் என்று உறுதிசெய்ய இயலவில்லை. நலமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லி தீங்கு செய்யாதிருக்கலாம் என்றும், ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கும் மிகுதியாக அருந்துவோருக்கும் நேரக்கூடிய இடர் அறியப்படாதது என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

1998-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பதிவில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. பீங்கான் பானையில் ஆறு மாதங்கள் கொம்புச்சா தயாரித்து அருந்திய தம்பதியருக்கு ஈய நச்சு ஏற்பட்டது. பானத்தின் அமிலம், பானையின் மெருகுப் பூச்சிலிருந்த ஈயத்தைக் கரைத்திருந்தது. 2009-இல் பதிவான மற்றொரு நிகழ்வில், எச்.ஐ.வி. தொற்றுள்ள 22 வயது இளைஞர் ஒருவருக்குக் கொம்புச்சா அருந்திய சில மணி நேரத்தில் கடுங்காய்ச்சலும் இரத்தத்தில் லாக்டிக் அமில மிகையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்பட்டன.

கோடிக்கணக்கானோர் அருந்தும் பானத்தில் இவை அரிய நிகழ்வுகளே. ஆயினும் மருத்துவமனைக்கு வருவோர், அந்த அரிய இடர்களுக்கு மற்றவர்களைவிட நெருக்கத்தில் இருப்பவர்கள்.

யார் தவிர்க்க வேண்டும்?

• கல்லீரல் சுருக்க நோய், மஞ்சள் காமாலை, மதுவால் வந்த கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், மதுப்பழக்கத்திலிருந்து மீண்டுவருபவர்கள்.

• உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கீமோதெரபி பெறுபவர்கள், ஸ்டீராய்டு போன்ற நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள். கிருமியெதிர்ப்பு குன்றிய உடலில், பிறருக்குத் தீங்கற்ற நுண்ணுயிரும் தொற்றாகலாம்.

• நாட்பட்ட சிறுநீரக நோயாளர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். இவர்களின் உடல் அமிலத்தை வெளியேற்றத் திணறுகிறது. அருந்தும் நீரின் அளவும் வரையறுக்கப்பட்டுள்ளது.

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள்.

• மெட்ரோனிடசோல், மதுப்பழக்கத்தை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்கள். ஆல்கஹாலோடு சேரும்போது இவை குமட்டல், படபடப்பு போன்ற எதிர்வினைகளை உண்டாக்கக்கூடும்.

• நீரிழிவு உள்ளவர்கள், மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை ஒருபுறம் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஆல்கஹால் மறுபுறம், இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்போருக்குத் தாழ்சர்க்கரையைத் தூண்டும்.

• வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதன் அமிலம் தொல்லை கூட்டும்.

பாஸ்டராக்கம் செய்த பானத்தில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இரா. ஆனால் சர்க்கரையும் அமிலமும் ஆல்கஹாலும் அப்படியே இருக்கும். ஆகவே, மேற்கூறியவர்களில் பலருக்கு அதுவும் பொருந்தாது.

ஏற்கெனவே அருந்திவருபவர்கள் அச்சப்பட வேண்டியதில்லை. மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அருந்தியபின் இடைவிடாத வாந்தி, மூச்சுத்திணறல், காய்ச்சல், குழப்பநிலை, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினும், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

நலமுள்ளவர்கள் தயாரித்தால்

குடும்பத்தில் நலமுள்ளவர்கள் விரும்பி அருந்துவதைத் தடுக்க வேண்டிய தேவை இல்லை. சில விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். கண்ணாடி ஜாடியையே பயன்படுத்துங்கள். மெருகிட்ட பீங்கான், பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டா. முந்தைய பானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேர்க்கத் தவறாதீர்கள். தொடக்கத்திலேயே அமிலத்தைக் கூட்டித் தீய கிருமிகளைத் தடுப்பது அதுவே. பி.எச். காகிதத்தால் சோதியுங்கள், ஏழு நாள்களுக்குள் 4.2 அல்லது அதற்குக் கீழே இறங்கவில்லையெனில் கொட்டிவிடுங்கள். 2.5 அளவுக்கு இறங்குமுன் புளிப்பை நிறுத்துங்கள். நம் ஊர்க் கோடையில் இது விரைவில் நேரும். படலத்தின்மீது பச்சை, கறுப்பு, வெள்ளை நிறங்களில் பஞ்சுபோன்ற பூஞ்சணம் தோன்றினால், அதை மட்டும் எடுத்தெறிவது போதாது. பானம், படலம் இரண்டையும் கொட்டிவிட வேண்டும். புளித்த பானத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நாளொன்றுக்கு 120 மில்லிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அருந்தியபின் நீரால் வாய் கொப்பளியுங்கள்.

"அப்படியானால் என்ன கொடுப்பது?"

அந்த மகள் குப்பியைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்படியானால் அப்பாவுக்கு நான் என்னதான் கொடுப்பது, டாக்டர்?"

நோயாளரைப் பேணுபவர்கள் அனைவரின் வினாவும் இதுவே. சும்மா இருக்க மனம் ஒப்பாததால்தான் நாம் புதிய பானங்களைத் தேடுகிறோம். கல்லீரல் சுருக்க நோயில் உணவால் செய்யக்கூடிய உதவி உண்மையாகவே உண்டு. இந்நோயாளர்களுக்கு இரவு நெடும்பட்டினி ஆகாது. உண்ணாத நேரத்தில் நலிந்த கல்லீரலால் போதிய குளுக்கோஸைச் சேமித்து வழங்க இயலாமல், உடல் தன் தசையைக் கரைத்துக்கொள்கிறது. எனவே உறங்கும் முன் சிறிதளவு உணவு, நாள் முழுதும் போதிய புரதம், குறைந்த உப்பு ஆகியவையே இன்று மருத்துவம் உறுதியாகப் பரிந்துரைப்பவை.

"இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு இட்லியும் பருப்பும், அல்லது ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் கொடுங்கள், அம்மா. நீரிழிவு இல்லாததால் அவருக்கு இது ஒத்துவரும். அளவை நம் உணவியல் வல்லுநர் எழுதித் தருவார். கொம்புச்சாவுக்குச் செலவிட்ட அதே பொறுமையை இதற்குச் செலவிடுங்கள்."

அடுத்த மாதப் பரிசோதனைக்கு அவர்கள் வந்தபோது, மகள் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. நாள்தோறும் இரவு உண்டது என்ன, எத்தனை மணிக்கு என்று முப்பது நாள்களுக்கும் எழுதியிருந்தார். நீங்களும் எதைப் புதிதாகக் கொடுக்க எண்ணினாலும், கொடுப்பதற்கு முன் அதனை எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அது கடையில் வாங்கிய குப்பியாயினும் வீட்டில் புளித்த ஜாடியாயினும், அதில் என்ன இருக்கிறது, உங்கள் உறவினரின் உடல் அதை எப்படி ஏற்கும் என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.